12-க்கு 10 அடி அறையில் முழு பேண்டையும் தனித்தனி ட்ராக்கில் பதிவு செய்ய என்ன வாங்க வேண்டும், எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

உங்கள் கேள்வி இது: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மாடி அறை, 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். கையில் இருப்பது இரண்டு இன்புட் உள்ள ஓர் இன்டர்ஃபேஸ் (மைக், கருவிகளின் ஓசையை லேப்டாப்புக்குள் அனுப்பும் பெட்டி), ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஹெட்போன், ஒரு லேப்டாப். இதுவரை ஒவ்வொருவராக வந்து பதிவு செய்துவிட்டுப் போனார்கள். இனி டிரம்ஸ், பேஸ் கிதார், கிதார், கீபோர்டு, பாட்டு என ஐந்து பேரும் சேர்ந்து வாசிக்க வேண்டும், ஆனால் ஒவ்வொன்றும் தனி ட்ராக்கில் விழ வேண்டும். சில பாட்டுக்குப் பம்பையும் உண்டு. 16 சேனல் மிக்ஸர் வாங்கலாமா?

வேண்டாம். அந்த அறைக்கு எட்டு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் பகுதி) உள்ள ஒரு இன்டர்ஃபேஸ் போதும். மிச்சப்படும் பணம் ஹெட்போன்களுக்கும், ஓசையை உறிஞ்சும் கல் இழைப் பலகையான ராக்வூலுக்கும் போகட்டும். 120 சதுர அடியில் சத்தம் போடும் கருவி ஒன்றுதான் இருக்க முடியும், அது டிரம்ஸ். மற்ற எல்லாம் கம்பி வழியாக நேராக உள்ளே போக வேண்டும். கிதார் ஆம்ப், பேஸ் ஆம்ப், மானிட்டர் ஸ்பீக்கர் மூன்றையும் அதே அறையில் வைத்து 16 மைக் போட்டால் 16 ட்ராக்கிலும் டிரம்ஸ்தான் கேட்கும்.

முதலில் மிக்ஸர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் பணத்தை விடும் இடம் இதுதான். 'யு.எஸ்.பி. மிக்ஸர், 12 சேனல்' என்று சவுண்ட் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் பல அனலாக் மிக்ஸர்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது இரண்டே சேனல்தான். 12 பேர் வாசித்தாலும் கலந்த ஸ்டீரியோ ஒன்றுதான் வந்து சேரும், பிறகு பிரிக்க வழியில்லை. பெட்டியின் மேல் உள்ள சேனல் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். விவரப் பட்டியலில் யு.எஸ்.பி. ஆடியோ எத்தனை உள்ளே, எத்தனை வெளியே என்ற வரியைப் பாருங்கள். '2 உள்ளே 2 வெளியே' என்றிருந்தால் அது உங்களுக்கானது அல்ல.

இன்டர்ஃபேஸ் பெயரில் உள்ள எண்ணும் இப்படித்தான் ஏமாற்றும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 என்றால் 18 மைக் போடலாம் என்று அர்த்தமில்லை. மைக் ப்ரீஆம்ப் எட்டு. இன்னும் எட்டு ஏடேட் என்ற ஆப்டிகல் வழியில் வெளிப்பெட்டி ஒன்றிலிருந்து வர வேண்டும். மீதி இரண்டு டிஜிட்டல் இன்புட். உங்களுக்கு அந்த எட்டே இப்போது போதும், பின்னால் வளர ஏடேட் வாசலும் இருக்கிறது. இதற்கு மாற்றாகச் சொல்லத்தக்கது பெரிங்கர் எக்ஸ்.ஆர்.18: 16 மைக் ப்ரீஆம்ப், யு.எஸ்.பி.யில் 18 சேனல், ஆறு ஆக்ஸ் வெளியீடு (வாசிப்பவர்கள் கேட்பதற்குத் தனிக் கலவை அனுப்பும் வாசல்). பேண்ட் கோயில் திருவிழா மேடைகளுக்கும் போகிறது என்றால் இதையே வாங்குங்கள், மேடைக்கும் வீட்டுக்கும் ஒரே பெட்டி. இதை டேப்லெட் அல்லது லேப்டாப்பிலிருந்துதான் இயக்க வேண்டும், அதற்கு அதன் உள்ளேயே உள்ள வைஃபையை நம்பாதீர்கள். சின்ன ரவுட்டர் ஒன்றை லேன் கேபிளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் இரண்டு இன்புட் பெட்டியையும் புதியதையும் சேர்த்து பத்து சேனலாக ஓட்டலாமே என்று தோன்றும். விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒரு ஏசியோ டிரைவர்தான் (பதிவு மென்பொருளை இன்டர்ஃபேஸோடு இணைக்கும் நிரல்). ஏதாவது மென்பொருள் வைத்து இரண்டையும் இணைத்தாலும், இரண்டு பெட்டிக்கும் தனித்தனி கடிகாரம். 48,000 ஹெர்ட்ஸ் என்று இரண்டும் சொன்னாலும் பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் கிட்டத்தட்ட 5 மில்லி செகண்ட் விலகிவிடும். தொடக்கத்தில் சரியாக இருந்த ஸ்நேர் (டிரம்ஸில் கூர்மையாக ஒலிக்கும் சின்ன டிரம்) கடைசிச் சரணத்தில் இரட்டையாகக் கேட்கும். பழைய பெட்டியை விற்றுவிடுங்கள், அல்லது ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு சேனலை இப்படிப் பங்கிடுங்கள். ஒன்று: பேஸ் கிதார், இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' பட்டனை அழுத்தி நேராக. 18ஐ20-ல் இந்த வசதி முதல் இரண்டு இன்புட்டில்தான் உண்டு, அதனால் மைக்கை அங்கே செருகி வீணாக்க வேண்டாம். இரண்டு: கிதார், மல்டி எஃபெக்ட்ஸ் பிராசசரின் வெளியீடு, லைன் அளவில். டோனை முடிவு செய்துவிட்டே பதிவு செய்யுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சுத்தமான சிக்னலை மட்டும் எடுத்தால், கிதாரிஸ்ட் வாசிக்கும்போது கேட்பது ஒன்று, பாட்டில் வருவது வேறொன்று; விரல் அழுத்தமே மாறிவிடும். மூன்று: கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்). நான்கு: ஸ்நேர். ஐந்து, ஆறு: டிரம்ஸுக்கு மேலே இரண்டு ஓவர்ஹெட் மைக். ஏழு: வழிகாட்டிப் பாட்டு. எட்டு: கீபோர்டு, மோனோவில், வழிகாட்டியாக மட்டும்.

கீபோர்டுக்கு ஸ்டீரியோ இரண்டு சேனல் கொடுக்க மனம் வரும், தேவையில்லை. அதன் யு.எஸ்.பி. மிடியை (ஓசை அல்ல, எந்தக் கட்டை எப்போது அழுத்தப்பட்டது என்ற குறிப்பு) லேப்டாப்பில் மாட்டி மிடி ட்ராக் ஒன்றும் ஓட விடுங்கள். பேண்ட் கிளம்பிப் போன பிறகு அந்த மிடியைக் கீபோர்டுக்கே திருப்பி அனுப்பினால் அது தானாக வாசிக்கும். அப்போது எல்லா சேனலும் காலி, இரண்டு இன்புட்டில் ஸ்டீரியோவாக எடுத்துக்கொள்ளலாம். தவறிய ஸ்வரத்தை அதற்கு முன்பே மிடியில் திருத்தியும் விடலாம்.

வழிகாட்டிப் பாட்டு என்பது எறியப்போகும் ட்ராக். பாடகர் வாய்க்கு அருகில் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக், அவர் டிரம்ஸுக்கு முதுகு காட்டாமல், மைக்கின் பின்பக்கம் டிரம்ஸைப் பார்க்கும்படி நின்றால் போதும். நிஜப் பாட்டை அடுத்த நாள், அமைதியான அறையில், உங்கள் கண்டென்சர் மைக்கில் எடுங்கள்.

இனி அறை. இங்கே கொஞ்சம் நேரம் செலவிடுவது நல்லது, ஏனென்றால் உங்கள் அறையில் அகலமும் உயரமும் ஒன்று. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 346 மீட்டர் போகிறது. 10 அடி என்பது 3.05 மீட்டர். இரு சுவர்களுக்கு இடையே போய்வரும் தாழ்ந்த அதிர்வு 346-ஐ 6.1-ஆல் வகுத்தால் வரும்: சுமார் 57 ஹெர்ட்ஸ். அகலத்திலும் அதே 57, தரைக்கும் கான்கிரீட் கூரைக்கும் இடையிலும் அதே 57. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். பேஸ் கிதாரின் திறந்த 'ஏ' கம்பி 55 ஹெர்ட்ஸ். ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள்: பேஸை ஸ்பீக்கரில் விட்டு 'ஈ' கம்பியிலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக ஏறுங்கள். 'ஏ' வந்ததும் அறையே குமுறும், ஜன்னல் கண்ணாடி அதிரும். அறையின் நடுவில் வந்து நின்றால் அதே ஸ்வரம் காணாமல் போகும். பேஸை நேரடியாகப் பதிவு செய்தால் பதிவில் இந்தக் கோளாறு வராது. ஆனால் மிக்ஸ் செய்யும்போது அதே அறையில் உட்கார்ந்து கேட்டு, இல்லாத குமுறலைக் குறைப்பீர்கள். வெளியே காரில் போட்டால் பேஸே இருக்காது. கிக் டிரம்மும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

இதற்கு முட்டை அட்டை உதவாது, தெர்மாகோல் உதவாது. முட்டை அட்டை தீப்பிடித்தால் ஆபத்து வேறு. புளி மூட்டைச் சாக்குகளைச் சுவரில் தொங்கவிட்டால் சிம்பல் ஓசை மட்டும் அடங்கும், தாழ்ந்த ஓசை அப்படியே இருக்கும், ஆக மொத்தம் இன்னும் மங்கலான அறை. வேண்டியது தடிமன். 50 மில்லிமீட்டர் ராக்வூல் ஸ்லாப், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, இரண்டை ஒட்டி 4 அங்குலமாக. ஓசூர் பக்கம் ஏசி டக்ட், பாய்லர் இன்சுலேஷன் வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இசைக் கடையில் விற்கும் ஃபோமைவிட இதுதான் வேலை செய்யும்.

4-க்கு 2 அடி பேனல் 12 செய்யுங்கள். 1-க்கு 4 அங்குல மரச்சட்டம் ஒரு பேனலுக்கு 12 அடி, மொத்தம் 144 அடி. ஸ்லாப் 24. முன்பக்கம் போர்த்த 36 அங்குல அகலக் காடாத் துணி ஒரு பேனலுக்கு 1.7 மீட்டர், ஆக 21 மீட்டர் வாங்குங்கள். துணியை வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போக வேண்டும். போகாத துணி ஓசையையும் விடாது. பின்பக்கமும் மெல்லிய துணி ஒன்று அடியுங்கள், இல்லாவிட்டால் இழை உதிரும். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். ஆறு பேனல் மூன்று மூலைகளில், ஒன்றின் மேல் ஒன்றாக, மூலையின் குறுக்கே சாய்த்து. பின்னால் உள்ள முக்கோண வெற்றிடமும் சேர்ந்து வேலை செய்யும். மூன்று பேனல் டிரம்ஸுக்கு நேர் மேலே, கூரையிலிருந்து 4 அங்குலம் இறக்கி, ஆங்கர் போல்ட் போட்டு. ஓவர்ஹெட் மைக்குக்கும் கூரைக்கும் இடையே சில அடிதான் இருக்கும் என்பதால், இந்த மூன்றும் இல்லாவிட்டால் கூரையில் பட்டுத் திரும்பும் ஓசை மைக்கில் கலந்து சிம்பலைக் குழாய்க்குள் அடித்தது போலாக்கிவிடும். மீதி மூன்று, மிக்ஸ் செய்ய உட்காரும் இடத்தின் இரு பக்கச் சுவரிலும் பின்னாலும்.

பேனல் ஒட்டியதால் நெடுஞ்சாலை லாரிச் சத்தம் நிற்காது. உள்ளே எதிரொலியை அடக்குவது வேறு, வெளிச்சத்தத்தைத் தடுப்பது வேறு. தடுக்கக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும்: கதவுக்கு நான்கு பக்கமும் ரப்பர் காஸ்கெட், ஜன்னலுக்கு உள்ளளவில் செய்த கனமான பிளைவுட் அடைப்பு. காற்று புகும் இடமெல்லாம் சத்தமும் புகும். இதனால் ஐந்து பேர் உள்ள அறை சித்திரை வெயிலில் அடுப்பாகும். ஒரு டேக்குக்கும் (ஒரு முறை வாசித்து எடுக்கும் பதிவு) அடுத்ததற்கும் இடையே ஃபேன் போட்டு, டேக்கின்போது நிறுத்துங்கள். ஃபேன் காற்று ஓவர்ஹெட் மைக்கில் பட்டால் வரும் உறுமலைப் பின்னால் எடுக்கவே முடியாது. கோடையில் காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கினால் வெயிலும் குறைவு, போக்குவரத்தும் குறைவு.

மின்சாரம். பாறை நிலமான நம் பகுதியில் எர்த் பல வீடுகளில் பேருக்குத்தான் இருக்கும், கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் அதுவும் இல்லை. மல்டிமீட்டரில் பாயிண்டின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 20, 30 காட்டினால் எலக்ட்ரீஷியனை வரவழைத்துக் குழியைக் கரி, உப்பு, தண்ணீர் போட்டுப் புதுப்பித்த பிறகே பெட்டியை மாட்டுங்கள். லேப்டாப், இன்டர்ஃபேஸ், கீபோர்டு, கிதார் பிராசசர் எல்லாமே ஒரே பாயிண்டிலிருந்து கிளைக்கும் ஒரே பலகையில் இருக்கட்டும். இரண்டு சுவர்களில் இரண்டு பாயிண்ட் என்றால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் தொடங்கும். ரீங்காரம் வந்தால் பிளக்கின் எர்த் முள்ளை ஒருபோதும் வெட்டாதீர்கள், மைக்கில் வாய் வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். டி.ஐ. பாக்ஸில் (கருவிக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி) உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் அதற்காகத்தான் இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் அது ஓடும்போது கிதாரில் கொசுக்கூட்டம் கேட்கும். அந்த ஒரே பலகைக்குச் சின்ன ப்யூர் சைன் வேவ் யு.பி.எஸ். ஒன்று வைத்துக்கொண்டால், கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியோடு டேக்கை முடித்துவிடலாம்.

ஹெட்போன் ஆறு வேண்டும், ஐந்து பேருக்கும் உங்களுக்கும். எல்லாம் பின்பக்கம் மூடிய வகை. திறந்த வகையில் கிளிக் ஓசை (தாளம் பிசகாமல் இருக்கக் காதில் ஓடும் 'டிக் டிக்') வெளியே கசிந்து பாடகரின் மைக்கில் விழும். இன்டர்ஃபேஸில் உள்ள இரண்டு ஹெட்போன் வாசலில் ஒன்று உங்களுக்கு, ஒன்று டிரம்மருக்கு. அவருக்குத்தான் அதிக சத்தம் வேண்டும். மீதி நால்வருக்குப் பெரிங்கர் எச்.ஏ.400 போன்ற நான்கு வழி ஹெட்போன் ஆம்ப். அதை மாட்டும்போது ஒரு தவறு எல்லோரும் செய்வார்கள்: இன்டர்ஃபேஸின் ஒரு வெளியீட்டிலிருந்து சாதாரண பேலன்ஸ்டு டி.ஆர்.எஸ். கேபிளை (ஒரே ஓசையை ஒரு கம்பியில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் கொண்டுபோவது) நேராகச் செருகுவது. எச்.ஏ.400-இன் வாசல் ஸ்டீரியோ. பேலன்ஸ்டு மோனோ அங்கே போனால் இடது காதில் நேராகவும் வலது காதில் தலைகீழாகவும் கேட்கும். குரல் தலைக்குள் எங்கோ கரைந்த மாதிரி, பேஸ் மெலிந்து. 3, 4 என இரண்டு வெளியீட்டிலிருந்து ஒரே ஸ்டீரியோ பிளக்குக்குச் சேரும் 'ஒய்' கேபிள் வேண்டும். கடையில் இன்சர்ட் கேபிள் என்று கேளுங்கள்.

கேட்பதற்கு இன்டர்ஃபேஸின் சொந்த மிக்ஸரைப் பயன்படுத்துங்கள், லேப்டாப் வழியாக அல்ல. அப்போது ரீப்பர் போன்ற பதிவு மென்பொருளில் ஒவ்வொரு ட்ராக்கின் மானிட்டரையும் அணைக்க மறக்காதீர்கள். மறந்தால் நேரடி ஓசையும் தாமதித்து வரும் ஓசையும் கலந்து எல்லாமே குகைக்குள் வாசித்த மாதிரி கேட்கும், குற்றம் பெட்டியின் மேல் விழும். இப்படி வைத்தால் பஃபரை (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஓசைத் துண்டு) 512 சாம்பிள் வரை தாராளமாக ஏற்றலாம், லேப்டாப் திணறாது. வைஃபை, புளூடூத் அணைத்து, யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டையும் அணைத்து, ஹப் இல்லாமல் நேராகச் செருகுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஒரு ட்ராக்குக்கு நிமிடத்துக்கு 8.64 மெகாபைட், எட்டு ட்ராக் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 ஜிகாபைட்தான்.

டிரம்ஸ் மைக். இருப்பதிலேயே முக்கியமானது இரண்டு ஓவர்ஹெட். டிரம்ஸின் முழு உருவமும் அவற்றில்தான் இருக்கிறது, கிக்கும் ஸ்நேரும் தாங்கல் மட்டுமே. ஒரு சணல் கயிற்றை எடுத்து ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் ஒருவர் பிடிக்கட்டும். மறுமுனை முதல் மைக்கின் தலை வரை, ஸ்நேருக்கு நேர் மேலே, சுமார் 40 அங்குலம். அந்த இடத்தில் முடிச்சுப் போடுங்கள். அதே கயிற்றை ஃப்ளோர் டாம் (தரையில் கால் ஊன்றி நிற்கும் டிரம்) பக்கம் கொண்டுபோய், முடிச்சு வரும் இடத்தில் இரண்டாவது மைக்கை ஸ்நேரைப் பார்த்து நிறுத்துங்கள். இரண்டும் ஸ்நேரிலிருந்து சம தூரம் என்பதால் ஸ்நேர் இரண்டிலும் ஒரே கணத்தில் வரும், நடுவில் உறுதியாக நிற்கும். ஒரு அடி பிசகினால் கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்ட் தாமதம். மோனோவில் கேட்டால் ஸ்நேரின் உடம்பு காணாமல் போகும். பிறகு கிக் ட்ராக்கின் போலாரிட்டியை (அலையின் மேல், கீழ் திசை) மென்பொருளில் திருப்பிப் பார்த்து, எதில் அடிப்பகுதி கனமாக வருகிறதோ அதை வையுங்கள். ஸ்நேருக்கும் அப்படியே. கிக்குக்கு டி112 அல்லது பீட்டா 52ஏ, ஸ்நேருக்கு எஸ்.எம்.57, ஓவர்ஹெட்டுக்கு ஒரே மாடலில் சின்ன டயஃப்ரம் கண்டென்சர் ஜோடி. ஓவர்ஹெட்டுக்கு 48 வோல்ட் ஃபேன்டம் (இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியாகவே அனுப்பும் மின்சாரம்) வேண்டும். சில மாடல்களில் நான்கு சேனலுக்கு ஒரே சுவிட்ச்தான், அதனால்தான் ஐந்து, ஆறில் வைத்தோம். கேபிளைச் செருகிய பின் சுவிட்சைப் போடுங்கள், கழற்றும் முன் அணையுங்கள். கிரானைட் தூளும் செம்மண்ணும் பறக்கும் ஊர் என்பதால் கண்டென்சர் மைக்குகளை ஸ்டாண்டிலேயே விட்டுவிடாமல், சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

லெவல் பார்க்கும்போது உச்சம் மைனஸ் 12 டிபி அருகே நிற்கட்டும். சோதனைக்கு அடிக்கச் சொன்னால் எந்த டிரம்மரும் மெதுவாகத்தான் அடிப்பார், பாட்டு சூடானதும் 6 டிபி கூடும். அதனால் தனியாக அடிக்கச் சொல்லாமல், பாட்டின் கடைசிப் பல்லவியைப் பேண்டோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லி கெயின் (ப்ரீஆம்ப் பெரிதாக்கும் அளவு) வையுங்கள்.

பம்பைக்கு வருகிறேன். அதை டிரம்ஸோடு ஒரே அறையில் சேர்த்து எடுக்காதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். எதிர்காலத்தில் வேறு அறை கிடைத்தால் ஏடேட் வாசலில் பெரிங்கர் ஏ.டி.ஏ.8200 போன்ற எட்டு ப்ரீஆம்ப் பெட்டியை மாட்டி 16 சேனலாக்கலாம். அப்போது இரண்டு ஆப்டிகல் கேபிள் போட்டு, ஒன்றை மாஸ்டராகவும் மற்றதை அதன் கடிகாரத்தைப் பின்பற்றும்படியும் வையுங்கள். இரண்டும் மாஸ்டர் என்றால் பதிவில் சில நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று விழும்.

இப்போதைக்குப் பம்பை தனி நாளில். இடுப்பில் கட்டி நின்று வாசிப்பவர் அசையாமல் இருக்க மாட்டார், இருக்கச் சொல்லவும் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு டைனமிக் மைக், இரண்டடி தள்ளி. பக்கத்தில் வைத்தால் அவர் திரும்பும்போதெல்லாம் சத்தம் ஏறி இறங்கும். கால் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். அவர் காதில் கிளிக்கைத் திணிக்காதீர்கள். கூத்திலும் அம்மன் திருவிழாவிலும் பாட்டைப் பார்த்து ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்து வாசித்துப் பழகிய கை அது. கிளிக் போட்டால் உயிர் போய்விடும். அந்தப் பாட்டுகளுக்கு வரிசையை மாற்றுங்கள்: முதலில் பம்பையும் வழிகாட்டிப் பாட்டும் மட்டும், கிளிக் இல்லாமல். பிறகு ரீப்பரில் ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் முதல் அடியிலும் டெம்போ மார்க்கர் வைத்து, திரையில் தாளத்தைக் காட்டும் கோட்டுக் கட்டத்தை அவர் வாசிப்புக்கு ஏற்ப வளையுங்கள். நான்கு நிமிடப் பாட்டுக்கு அரைமணி நேர வேலை. அதன் பிறகு கிளிக்கே அவரைப் பின்தொடரும், டிரம்மரும் மற்றவர்களும் அந்தக் கிளிக்கைக் கேட்டு மேலே வாசிக்கலாம்.